மேல்கொல்லைக்குப் பஸ் வந்த காலை

பஸ்ஸின் முன்சக்கரங்கள் களத்தின் விளிம்புக்கு வந்து நின்றுவிட்டன. இன்ஜின் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது. எதிரே, வெறுங்காலோடு, இரண்டு கைகளையும் விரித்தபடி முனுசாமி நின்றார். அவருக்குப் பின்னால் களம் முழுக்க வேர்க்கடலை. மண் உதிராத, ஈரம் காயாத புதுக் கடலை.

"இன்னா பெரியவரே, நடுவுல நின்னுக்கினு?" என்று டிரைவர் யூசுப் பாய் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். "நவுருங்க. வண்டி திரும்பணும்."

"திரும்பேன். வேணாம்னு யார் சொன்னா? களத்த மிதிக்காம திரும்பு."

"அப்டீன்னா வண்டியத் தூக்கித்தான் திருப்பணும்."

பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. பஸ்ஸைச் சுற்றி மேல்கொல்லைப் பெண்கள் நின்றார்கள். தலையில் கனகாம்பரம், கழுத்தில் ஷூ கம்பெனி அடையாள அட்டை, கையில் டிபன் பை. ஈரக் கடலையின் மண்வாசனையும் டீசல் புகையும் பூவாசனையும் ஒன்றாகக் கலந்து வந்த அந்தக் கலவையை நான் வேறெங்கும் முகர்ந்ததில்லை.

கூட்டத்தின் நடுவே ரேவதி அக்கா நின்றார். முனுசாமியின் மருமகள். அன்றைக்கு பஸ் திரும்பாவிட்டால் எல்லாரையும்விட அதிகம் இழக்கப்போவது அவர்தான்.

நான் துப்பட்டாவின் முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு நின்றேன். சொல்வதற்கு என்னிடம் ஒரு மூட்டை விஷயம் இருந்தது. ஆனால் வாயைத் திறக்கக் கூடாது என்பது நான் வேலை பார்க்கும் லீலா மேடத்தின் உத்தரவு. என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும், அது எவ்வளவு பெரிய தண்டனை என்று.

ஊருக்கு நாடி பார்க்கிறவள்

நான் வேலூர் பாகாயத்துப் பெண். எங்கள் தெருவில் எந்தக் கதவைத் தட்டினாலும் ஆஸ்பத்திரி வேலையோடு சம்பந்தப்பட்ட ஒருவராவது வெளியே வருவார். அம்மா லேபில் இருந்தார். பெரியப்பா ஆம்புலன்ஸ் ஓட்டினார். அப்படிப்பட்ட குடும்பத்தில் நான் பொருளாதாரம் படிக்கப் போகிறேன் என்றதும் அப்பா காது கேட்காதவர்போல டிவியின் சத்தத்தைக் கூட்டினார்.

"அதுல என்ன பண்ணுவாங்க?" என்று அம்மாதான் கேட்டார்.

"ஊருக்கெல்லாம் நாடி பார்ப்பாங்கம்மா. எந்த ஊரு தெம்பா இருக்கு, எந்த ஊருக்கு ரத்தசோகை, அந்த மாதிரி."

"பாத்துட்டு ஊசி போடுவாங்களா?"

"இல்ல, பாக்கறதோட சரி."

"நல்லா இருக்குதே இந்த வேல," என்றார் அம்மா. "எங்க லேப்ல இப்படி ஒருத்தி இருந்தா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவோம்."

எம்.ஏ. முடித்த கையோடு லீலா மேடத்திடம் கள உதவியாளராகச் சேர்ந்தேன். மேடம் சென்னையில் பேராசிரியர். ஆனால் அரக்கோணத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். ரயில் நிற்கிற ஊரெல்லாம் வளரும் என்று சின்ன வயதில் நம்பி, பெரியவரானதும் அது உண்மையா என்று பார்ப்பதற்காகவே பொருளாதாரம் படித்ததாகச் சொல்வார். "ரயில் நின்னும் தூங்கற ஊரு எவ்ளோ இருக்கு தெரியுமா, ஜெனி? எழுப்பினாலும் எழுந்துக்காது."

காட்டன் புடவை, அதற்குக் கீழே கேன்வாஸ் ஷூ. நடந்தால் நான் ஓட வேண்டியிருக்கும். ஆம்பூரில் பிரியாணி சாப்பிடும்போதுகூடப் பக்கத்து மேஜைக்காரரிடம் அவர் ஊரில் எத்தனை தையல் கடை என்று விசாரித்துக்கொண்டே சாப்பிடுகிறவர்.

அவருடைய ஆராய்ச்சியை ஒரே கேள்வியில் அடக்கிவிடலாம். ஆம்பூரைச் சுற்றியுள்ள கிராமங்களில் ஒன்று ஏன் மடமடவென்று வளர்கிறது, பக்கத்திலேயே இருக்கும் இன்னொன்று ஏன் இருந்த இடத்திலேயே இருக்கிறது? அதற்காகத்தான் கீழ்க்கொல்லையையும் மேல்கொல்லையையும் பிடித்தார். இரண்டுக்கும் ஒரே மழை, ஒரே மண், ஒரே ஏரித் தண்ணீர். பெண் கொடுத்து எடுப்பதும் தங்களுக்குள்ளேயேதான். நடுவே ஒரு கானாறு மட்டும் ஓடுகிறது. அதுவும் மழை பெய்தால் ஓடும், இல்லாவிட்டால் மணல்.

ஆனால் கீழ்க்கொல்லைக்குள் ஷூ கம்பெனி பஸ் வருகிறது. மேல்கொல்லைக்குள் வருவதில்லை. அங்கிருந்து வேலைக்குப் போகிற பெண்கள் விடியலில் கானாற்றைத் தாண்டி நடந்து, கீழ்க்கொல்லையில் பஸ் ஏற வேண்டும். ஏறும்போது எல்லா சீட்டும் கீழ்க்கொல்லைக்காரிகள் பிடித்திருப்பார்கள். ஆம்பூர் வரைக்கும் நின்றுகொண்டேதான்.

மாவுப் பாக்கெட்

"வருமானம் எவ்ளோன்னு கேக்காதே," என்று முதல் வாரமே மேடம் சொல்லிக் கொடுத்தார். "யாரும் நெசம் சொல்ல மாட்டாங்க. இட்லி மாவு யாரு விக்கறாங்கன்னு கேளு."

எனக்குச் சிரிப்பு வந்தது. மேடம் சிரிக்கவில்லை.

ஒரு ஊரில் பெண்கள் விடியலில் கிளம்பி வேலைக்குப் போகத் தொடங்கினால் மாவாட்ட நேரம் இருக்காது. காசு இருக்கும், நேரம் இருக்காது. உடனே அந்த ஊரில் யாராவது ஒருத்தி பெரிய கிரைண்டர் வாங்கி மாவு விற்பாள். பின்னாலேயே ஒரு தையல்காரி, ஒரு பூக்காரி, ஸ்கூட்டி பஞ்சர் ஒட்டும் ஒரு கடை. வளர்ச்சி அப்படித்தான் வரும், மேடத்தின் கணக்குப்படி. தொழிற்சாலை ஆம்பூரில் இருக்கும், அதன் வால் கிராமத்தில் அசையும்.

கீழ்க்கொல்லையில் மாவு விற்கும் பெண்மணியைப் பேட்டி எடுக்கப் போனேன். "நீங்க என்ன வேலை செய்றீங்க?"

"நானா? நான் சும்மாதாம்மா வீட்ல இருக்கேன்," என்றார். அவர் பின்னால் கிரைண்டர் அறை அதிரச் சுற்றிக்கொண்டிருந்தது. நடுநடுவே "அக்கா, ரெண்டு பாக்கெட்!" என்று வாசலில் குரல். எழுந்து கொடுத்துவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து சும்மா இருப்பதைப் பற்றித் தொடர்ந்தார்.

மேல்கொல்லையில் மாவுப் பாக்கெட் கிடையாது. தேடித் தேடிப் பார்த்தேன்.

இந்தத் தொடரின் போன வார அத்தியாயத்தைப் படித்துவிட்டு வாலாஜாபேட்டையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "தோல் என்றால் நாற்றம்தானே, நீங்கள் வாசனை என்று எழுதுகிறீர்களே?" வாலாஜாபேட்டை அம்மா, பச்சைத் தோலின் நாற்றம் எனக்கும் தெரியும். தோல் கழிவால் பாலாற்றுக்கு என்ன ஆனது என்பதை மழுப்புகிறவளும் நானில்லை, அதைத் தனியாகவே எழுதியிருக்கிறேன். ஆனால் வேலை முடிந்து திரும்பும் கம்பெனி பஸ்ஸில் ஒரு நாள் ஏறிப் பாருங்கள். பதப்படுத்திய தோல், பசை, வாடிய மல்லி, யாரோ ஒருத்தி வாங்கிய சூடான பக்கோடா. அதை வாசனை என்று சொல்லாமல் வேறு என்ன சொல்வது?

"நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க"

கானாற்றுக்குக் குறுக்கே ஒரு தரைப்பாலம் கட்டி முடித்தார்கள். அதற்குப் பிறகுதான் எல்லாமே சூடு பிடித்தது. கம்பெனியின் போக்குவரத்து அதிகாரி எங்களைத் தன் அறைக்கு அழைத்து டீ வரவழைத்தார்.

"மேடம், இப்ப பாலம் வந்துடுச்சு. மேல்கொல்லைக்குள்ளயே பஸ் விடலாமான்னு பாக்கறோம். நீங்க ரெண்டு ஊரையும் ஒப்பிட்டுப் பாக்கறீங்க. பஸ் வந்துட்டா உங்க ஆராய்ச்சி கெட்டுடுமே. வேணும்னா ஒரு வருஷம் தள்ளிப் போடட்டுமா? உங்களுக்காக."

உங்களுக்காக! மனிதர் ரொம்ப மரியாதையோடுதான் கேட்டார். எனக்குத்தான் டீ கசந்தது. ஏனென்றால் முந்தின நாள்தான் ரேவதி அக்கா என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். கம்பெனியில் புதிதாக ஒரு லைன், அதாவது தையல் வரிசை, தொடங்குகிறார்கள். தையலில் கெட்டிக்காரி என்பதால் சூப்பர்வைசராக அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். ஒரே ஒரு நிபந்தனை: லைன் ஓடத் தொடங்குவதற்கு முன்பே சூப்பர்வைசர் அங்கே இருக்க வேண்டும். ரேவதி அக்காவோ குழந்தையை மாமியாரிடம் விட்டு, கானாறு தாண்டி ஓடி, பஸ் தவறினால் ஷேர் ஆட்டோ பிடித்து, கம்பெனி கேட்டில் நுழையும்போதும் ஓடிக்கொண்டே இருப்பவர். அவர் சாதாரணமாக நடந்து நான் பார்த்ததே இல்லை.

"பஸ் வந்தா வேல எனுக்கு. வரலைன்னா வேற ஒருத்திக்கு," என்று சொல்லியிருந்தார். "அவ்ளோதான் ஜெனி."

மேடம் டீயைக் கீழே வைத்தார். "என்னைக் கேக்காதீங்க சார். நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க. நான் இல்லாட்டி என்ன செய்வீங்களோ, அதையே செய்யுங்க."

வெளியே வந்ததும் நான் குதித்தேன். "சூப்பர் மேடம்! இப்ப நாமளே ஊர்ல பேசி..."

"நாம ஒண்ணும் பேச மாட்டோம்." மேடம் நடந்துகொண்டே சொன்னார். "பஸ் வரப்போற ஊரை, வர்றதுக்கு முன்னாடியும் பாத்து, வந்த பின்னாடியும் பாக்கறது எவ்ளோ பெரிய அதிர்ஷ்டம் தெரியுமா? ஒப்பிட்டுப் பாக்கறதைவிட நூறு மடங்கு உசத்தி. ஆனா பஸ் தானா வரணும். நாம தள்ளிவிட்டு வந்தா அது நம்ம பஸ். அப்புறம் என்னத்தப் பார்த்து என்னத்த எழுதறது?"

"ரேவதிக்கா?"

"அவங்க எப்ப நம்மளக் கேட்டு வேலைக்குப் போனாங்க?"

எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

கம்பெனி காலண்டர், கடலை காலண்டர்

அதிகாரி சோதனை ஓட்டத்துக்கு ஒரு நாள் குறித்தார். பஸ் ஊருக்குள் வர வேண்டும், திரும்ப வேண்டும், போக வேண்டும். திரும்ப முடியவில்லை என்றால் அந்த வண்டி வேறு பக்கம் போகும், கேட்டு நிற்கிற ஊர்கள் நிறைய.

மேல்கொல்லையின் தெரு முழுக்க இரண்டு பக்கமும் வீட்டுப் படிகள். பெரிய வண்டி திரும்ப ஊர்க்கோடியில் இருக்கும் சிமெண்டுக் களம் ஒன்றுதான் இடம். ரேவதி அக்காவே புடவையைச் செருகிக்கொண்டு களத்தை எட்டு வைத்து அளந்து, "தாராளமா திரும்பும்," என்று கம்பெனியில் சொல்லியிருந்தார். ஊரில் யாரும் மறுக்கவில்லை. முனுசாமியும்தான். காலியாகக் கிடக்கும்போது பையன்கள் ஷூ போட்டுக்கொண்டு கிரிக்கெட் ஆடுகிற இடம்தானே அது.

ஆனால் அளந்தபோது களம் காலியாக இருந்தது. கம்பெனி காலண்டரில் கடலை அறுவடை இல்லை. கடலைக்குக் கம்பெனி காலண்டர் தெரியாது. நல்ல மழை பெய்து முன்கூட்டியே விளைந்து, சோதனை ஓட்டத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் நான் போய்ப் பார்க்கிறேன், முனுசாமி சந்தோஷமாகக் கடலையைப் பரப்பிக்கொண்டிருக்கிறார்.

விளைச்சல் கிடக்கிற களத்தில் அந்த ஊரில் யாரும் செருப்புக் காலோடு ஏறுவதில்லை. குழந்தைகள்கூட வெளியே கழற்றிவிட்டு, தொட்டிக் குழாயில் கால் கழுவிக்கொண்டுதான் ஏறும். ஷூ தைக்கிற ஊரில் இப்படி ஒரு வழக்கமா என்று முதலில் எனக்கு வேடிக்கையாக இருந்தது. அன்று சாயங்காலம் வேடிக்கையாக இல்லை.

ஓடிப்போய் மேடத்திடம் சொன்னேன். "கடலைய ஓரமா தள்ளினாகூட டயர் களத்துல படும் மேடம். அவர் விடமாட்டார். இப்பவே ரேவதிக்காகிட்ட சொல்லிட்டா ஏதாவது வழி..."

"அவங்களுக்குத் தெரியாதா? அவங்க வீட்டுக் கடலை."

"தெரிஞ்சா இந்நேரம் ஊரே பேசியிருக்கும் மேடம்! பஸ்ஸுக்கும் செருப்புக் காலுக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாருக்கும் தோணல."

"அப்ப தோணும்போது தோணட்டும். நாளைக்கு நீ வாயத் திறக்கக் கூடாது. சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அன்றைக்கு மேடம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

எதிரே நிற்கிறீர்களே

இப்போது களத்துக்குத் திரும்புவோம். முனுசாமி கைகளை விரித்தபடி நிற்கிறார்.

"தாத்தா, கடலைய ஓரமா கூட்டிக்கலாமே," என்றாள் ஒரு பெண்.

"கூட்டிக்கலாம். அதுவா இப்ப பிரச்சனை? இந்த வண்டி எங்கெங்க மிதிச்சிட்டு வந்துச்சோ. செருப்புக் காலே படாத எடத்துல டயர வுடுவாங்களா? காலி களமா இருந்தா ஏரோப்ளேனே எறக்குங்க, நான் கேக்க மாட்டேன்."

யூசுப் பாய் இன்ஜினை அணைத்தார். திடீரென்று காக்கை சத்தம் கேட்டது. "பெரியவரே, பேஜார் பண்ணாதீங்க. எனுக்கு ஒண்ணும் இல்ல, ரிவர்ஸ்லயே பாலம் வரைக்கும் பூடுவேன். ஆனா ஆபீஸ்ல கேட்டா வண்டி திரும்ப எடம் இல்லன்னுதான் சொல்லணும். அப்பறம் இந்தப் பக்கம் வண்டி வராது."

ரேவதி அக்கா முன்னால் வந்தார். "மாமா. இன்னைக்கு வண்டி திரும்பலன்னா எனுக்கு இன்னா ஆவும்னு தெரியும்ல?"

"தெரியாமயா நிக்கறேன்?" முனுசாமியின் குரல் இறங்கியது. "உனக்கு அந்த வேல வரணும்னு முருகன் கோயில்ல வேண்டிக்கினதே நான்தாம்மா. மொட்ட போடறேன்னு சொல்லிக்கீறேன். ஆனா இது வேற."

அப்படியே திரும்பி, மேடத்தைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்கம்மா. படிச்சவங்க. இந்த ஊர்ல வூடு வூடா பூந்து எல்லாத்தியும் எழுதிக்கினு போறீங்க. நான் சொல்றது நாயமா, தப்பா?"

நான் மேடத்தைப் பார்த்தேன். மேடம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஐயா, என்னை விட்டுடுங்க. நான் இங்க இல்லன்னு நெனச்சுக்கோங்க."

முனுசாமி மேடத்தை மேலும் கீழும் பார்த்தார். "எப்டிம்மா நெனைக்கறது? எதிர்க்க நிக்கறீங்களே!"

கூட்டம் கொல்லென்று சிரித்தது. யூசுப் பாய் ஸ்டியரிங்கில் தட்டிச் சிரித்தார். மேடத்தின் முகம் சிவந்து, பிறகு அவரும் சிரித்துவிட்டார். அத்தனை வருஷம் அவர் கட்டிக் காத்த ஒரு கொள்கையை இவ்வளவு சுருக்கமாக யாரும் அடித்துப் போட்டதில்லை என்று பிற்பாடு சொன்னார்.

ரேவதி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. களத்தின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பெண்களின் செருப்புகள் குவியலாகக் கிடந்தன. அவ்வளவு பதற்றத்திலும் யாரும் சொல்லாமலே கழற்றி வைத்திருந்தார்கள்.

"மாமா, வெளிய போய்ட்டு வந்து களத்துல ஏறணும்னா நாம இன்னா பண்றோம்?"

"கால் கழுவிக்கினு ஏறுவோம்."

"வண்டியும் கழுவிக்கினா?"

"வண்டிக்கு ஏதும்மா காலு?"

"அதான் உருளுதே மாமா, டயரு. அதக் கழுவிட்டா உடுவீங்களா?"

யாரோ சிரிக்கத் தொடங்கி, முனுசாமியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள். அவர் நிஜமாகவே யோசித்துக்கொண்டிருந்தார். தாடையைச் சொறிந்தார். பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"நாலையும் கழுவணும்," என்றார்.

"நாலு இல்ல பெரியவரே," என்றார் யூசுப் பாய். "பின்னாடி ஜோடி ஜோடியா கீது. ஆறு."

"ஆறும்தான். உள்டயரயும் வுடக் கூடாது."

அடிப்பக்கம் நனையவில்லை

அதற்குப் பிறகு நடந்ததை நினைத்தால் இப்போதும் எனக்குச் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கிறது. டிபன் பைகளெல்லாம் ஓரத்துக்குப் போயின. புடவைகள் இடுப்பில் ஏறின. பாதிப் பேர் கடலையை ஓரமாகக் கூட்டினார்கள், மீதிப் பேர் தொட்டிக் குழாயில் குடம் குடமாகப் பிடித்து வந்தார்கள். ஒருத்தி வீட்டுக்குள் ஓடி மஞ்சள்தூள் டப்பாவோடு வந்தாள்.

"யா அல்லா, என் கல்யாணத்துலகூட எனுக்கு இவ்ளோ உபசாரம் நடக்கல," என்றார் யூசுப் பாய். "சீக்கிரம்மா! டைம் ஆவுது!"

முனுசாமி குனிந்து ஒவ்வொரு டயராகப் பார்த்தார். "அடிப்பக்கம் நனையலயே."

எல்லாரும் அப்படியே நின்றோம். உண்மைதான். தரையில் அழுந்தியிருக்கிற பாகத்தை எப்படிக் கழுவுவது? வண்டியைக் கொஞ்சம் உருட்டினால் கழுவிய பாகம் மண்ணில் படும். கழுவினால் அழுக்காகும், அழுக்கானால் கழுவ வேண்டும். யூசுப் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். ரேவதி அக்கா கையிலிருந்த குடத்தைக் கீழே வைத்தார்.

"சாக்கு!"

யார் கத்தியது என்று திரும்பினேன். மேடம்.

"கோணிச் சாக்கு கொண்டு வாங்க! நல்லா நனைச்சு டயருக்கு முன்னாடி விரிங்க! அது மேல உருண்டா அடிப்பக்கமும் கழுவிடும், மண்ணும் படாது. அப்படியே களத்துல ஏறிடலாம்! ஓடுங்க!"

"மேடம்," என்றேன் நான், சத்தியத்தை மீறி. "நாம தள்ளிவிடக் கூடாதுன்னு..."

"பேசாம அந்தச் சாக்கோட முனையப் பிடி!"

பிடித்தேன். மேடம் கேன்வாஸ் ஷூவை உதறிவிட்டு இன்னொரு முனையைப் பிடித்தார். ஈரச் சாக்கு இவ்வளவு கனக்கும் என்று எனக்குத் தெரியாது. விரித்து முடித்ததும் அவர் களத்தின் நடுவே போய் நின்றுகொண்டு, ரயில்வே வீட்டுப் பெண் என்பதை நிரூபித்தார். "வரலாம்... வரலாம்... ரைட்ல ஒடிங்க பாய்... இன்னும்... இன்னும்... போதும்! பின்னாடி வாங்க!" முந்தானையை ஒரு கையில் சுருட்டிப் பிடித்து ஆட்டிய ஆட்டலைப் பார்த்தால் அரக்கோணம் ஜங்ஷனே கிளம்பிவிடும்.

பஸ் ஏறியது. வளைந்தது. பின்னால் வந்தது. முனுசாமி டயரோடு டயராக, குனிந்தபடியே கூட நடந்தார். பஸ்ஸின் மூக்கு ஊரைப் பார்த்துத் திரும்பியதும் பெண்கள் போட்ட கூச்சலில் கொட்டகைகளில் இருந்த ஆடுகள் எல்லாம் கத்தத் தொடங்கின.

முனுசாமி ஒரு கை நிறையக் கடலையை அள்ளி ஜன்னல் வழியாக யூசுப் பாயிடம் கொடுத்தார். "வேவவெச்சித் தின்னு. கடலை இருக்கற நாள்ல நானே தண்ணி புடிச்சி வெக்கறேன், சாக்கும் வெக்கறேன். நீ வந்து நின்னாப் போதும்."

"டெய்லியுமா?" என்றார் பாய்.

"பின்ன? நீ டெய்லியும் கால் கழுவறதில்ல?"

மேடத்தின் கட்டுரை வெளியானபோது அடிக்குறிப்பில் ஒரு வரி இருந்தது: சோதனை ஓட்டத்தின்போது ஆய்வுக் குழுவினர் சாக்கு விரிப்பதில் உதவினர். ஆய்வுக்கு இது பொருத்தமற்றது, நீக்கலாமே என்று பத்திரிகையிலிருந்து கேட்டார்கள். மேடம் நீக்கவில்லை. "எதிர்க்க நின்னோமில்ல, அதை எப்படி மறைக்கறது?" என்றார்.

கம்பெனி கேட்

நாங்களும் அதே பஸ்ஸில் ஏறிக்கொண்டோம். புடவையெல்லாம் நனைந்து மஞ்சள் கறையோடு பெண்கள் சீட்டு சீட்டாகச் சரிந்து உட்கார்ந்தார்கள். ஒருத்தி டிபனைத் திறந்து எலுமிச்சை சாதத்தை எல்லார் கையிலும் ஒரு வாய் வைத்தாள்.

கீழ்க்கொல்லை நிறுத்தம் வந்தது. ஏறியவர்கள் திகைத்து நின்றார்கள்.

"இன்னாடி இது? அது நாங்க உக்கார்ற சீட்டு!"

"இன்னாக்கா பண்றது, இப்ப எங்க ஊர்லருந்துதான் வண்டி கெளம்புது," என்றது ஒரு குரல். "கம்பியப் புடிச்சிக்கினு நில்லுங்க. பழகிடும்."

ஆம்பூர் வரைக்கும் அந்தச் சண்டை நடந்தது. யாரும் அதில் தோற்கவில்லை. யூசுப் பாயின் ஓட்டத்தைப் பற்றி எழுதாமல் விடுவதே அவருக்கு நல்லது. சோதனை ஓட்டம் என்று ஏற்கெனவே சீக்கிரம் வந்திருந்தார், கழுவியதில் போன நேரத்தை ஹைவேயில் பிடித்துவிட்டார்.

பஸ் நின்றதும் ரேவதி அக்கா முதல் ஆளாகக் குதித்தார். குதித்த வேகத்திலேயே ஓடத் தொடங்கினார். டிபன் பை இடுப்பில் இடிக்க, ஒரு கையால் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு.

"ரேவதிக்கா!" என்று கத்தினேன். "ஏன் ஓடறீங்க? இன்னும் கேட்டே தொறக்கல!"

பாதி வழியில் நின்றார். கேட்டைப் பார்த்தார். பூட்டியிருந்தது. வேறு எந்த பஸ்ஸும் வந்திருக்கவில்லை. ஆள் நிழலே விழாத வெறும் சாலை. திரும்பி எங்களைப் பார்த்தார், வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு நடந்தார். அவர் நடந்து அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பார்த்தேன். நல்ல அகலமான, அவசரமில்லாத நடை.

வாட்ச்மேன் டீ கிளாஸோடு கேட்டுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். "இன்னாம்மா, நீயா? லேட்டாத்தானே வருவ? இவ்ளோ காலைல யாரு வரச் சொன்னது?"

"புது லைன் சூப்பர்வைசர்."

"புது லைனுக்கு ஆளு போட்டுட்டாங்களா? யாரது?"

ரேவதி அக்கா கழுத்தில் புரண்டு கிடந்த அடையாள அட்டையை நேராக்கிக்கொண்டார்.

"கேட்டத் தொறங்கண்ணா, சொல்றேன்."